முப்பத்தேழு டிகிரி

இறைச்சி சூடாக இருந்தது.

சுடுகிற சூடு இல்லை. நல்ல உடம்போடு இருக்கும் ஒருவரின் உள்ளங்கையைப் பிடித்தால் தெரியுமே, அந்தச் சூடு. முந்தின நாள் சாயங்காலம் வாங்கி வந்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வேறெதன் மேலும் சொட்டாதபடி அவள் வைத்த ஒரு கிலோ தொடைக்கறி, எலும்பில்லாத ஒரே துண்டு. பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்திலிருந்த பால் பாக்கெட்டைத் தொட்டால் விரல் மரத்தது. அவள் ஊசித் தெர்மாமீட்டரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, துண்டின் தடித்த இடத்தில் குத்தினாள். எண்கள் ஏறின. முப்பத்தேழில் நின்றன.

அறையிலிருந்து தம்பி "ஸ்ஸ்" என்றான். "அக்கா, இந்த வீட்டுல கொசு இருக்கு. தொடையில சுருக்குன்னு குத்திடுச்சு."

"கொசுவையே கொசு கடிக்குதா?" என்றாள். சின்ன வயதிலிருந்தே ஒல்லி என்பதால் வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர்.

"கடிக்கட்டும். உன் நோட்டுல எழுதிக்கோ, இன்ஸ்பெக்டர்."

அவள் ஒரு டம்ளரில் ஐஸ்கட்டியும் தண்ணீரும் போட்டு ஊசியை விட்டுப் பார்த்தாள். பூஜ்யம். கொதிக்கும் தண்ணீரில் விட்டாள். நூறு. கருவியில் பழுதில்லை. மறுபடி இறைச்சியில் குத்தினாள். முப்பத்தேழு. அறையில் பட்டென்று தொடையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தம்பிக்கு அறுவை சிகிச்சை முடிந்து பதினொரு வாரம். அவளுடைய இடது சிறுநீரகம் இப்போது அவன் அடிவயிற்றில் இருந்தது. அதை அவன் உடம்பு எதிர்க்காமல் இருக்க மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரைகளுக்கு நல்லது கெட்டது தெரியாது, உடம்பை எதையுமே எதிர்க்க விடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு கெட்ட முட்டை, சரியாக வேகாத ஒரு துண்டுக் கறி, அது போதும், ஆள் போய்விடுவான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அதனால் வேலை முடிந்து, செவ்வாயும் வியாழனும் சாயங்காலம், நோயாளிகளின் வீட்டாருக்காக ஆஸ்பத்திரி மாடியில் நடக்கும் வகுப்புக்கு அவள் போனாள். அங்கே பாடம் எடுத்த நர்ஸம்மா சொன்ன ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள். பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, காய்க்குப் பச்சைப் பலகை. சமைத்ததை உள்ளே எழுபத்தைந்து டிகிரி வரும்வரை இறக்கக் கூடாது. ஐந்துக்கும் அறுபதுக்கும் நடுவே எதையும் விட்டு வைக்கக் கூடாது, அந்த இடைவெளியில் கிருமி இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்ப்பாள். அப்படியும் தான் எங்கோ ஒன்றை விட்டுவிட்டதாகவே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருக்கும்.

கறிக்கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"சூடா இருக்கா? அப்ப புதுசுன்னு அர்த்தம்மா," என்றார் அவர். அவர் குரலுக்குப் பின்னால் மரக்கட்டையில் கத்தி விழுந்துகொண்டே இருந்தது.

"நேத்து வாங்கினதுங்க."

"நேத்தும் புதுசுதானே குடுத்தேன்." சிரித்தார். "மனசுக்குப் பிடிக்கலைன்னா போட்டுடுங்க. ஆனா முழுசாப் போடாதீங்க, நாய்ங்க தெரு பூரா இழுத்துட்டுப் போகும். நறுக்கிப் போடுங்க."

ஒருவேளை ஃப்ரிட்ஜில் அந்த மூலைக்கு மட்டும் குளிர் வரவில்லையோ? அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. அவள் துண்டை டப்பாவோடு ஃப்ரீசரில் வைத்து, நேரத்தை நோட்டில் குறித்தாள்.

வெயில் ஆகாது என்று ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை போட்ட வீடு அது. காலை பத்தரைக்கே உள்ளே சாயங்காலம் மாதிரி இருக்கும். ஃபினாயிலும் மாத்திரை அட்டையும் ஆறிய வெந்நீரும் கலந்த ஒரு வாடை சுவர்களில் ஏறிப்போயிருந்தது. மேல்வீட்டில் டிவி ஓடியது. ஃப்ரிட்ஜின் மோட்டார் முனகி, நின்று, மறுபடி முனகியது. அந்த முனகலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருக்கிறதோ என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மெதுவாக, சீராக, டப்பாவின் பிளாஸ்டிக்கை உள்ளிருந்து யாரோ விரல்நுனியால் தட்டுவது மாதிரி. மோட்டாராகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"அக்கா, ஃபேனை நிறுத்து. குளிருது."

நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் போர்வை கேட்டான். பிறகு இன்னொன்று. அவன் பற்கள் அடித்துக்கொண்டன, உதடு நீலமாகியிருந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தாள். முப்பத்திரண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நர்ஸம்மாவே எடுத்தார்.

"முப்பத்தெட்டுக்கு மேல போனாத்தான் பயப்படணும். முப்பத்திரண்டெல்லாம் சும்மா வராதும்மா, சரியா வெச்சுப் பாரு. நேத்து என்ன சாப்பிட்டான்?"

நோட்டைப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நேரம் இருந்தது, டிகிரி இருந்தது.

"இன்னிக்கு?"

"இன்னும் எதுவும் தரலை. ஒரு கறி இருக்கு, அதுலதான் சந்தேகமா இருக்கு."

"சந்தேகம்னா வாயில இல்ல, குப்பையில. வகுப்புல எத்தனை தடவை சொல்லியிருக்கேன். முதல்ல அதைத் தூக்கிப் போடு."

அவள் ஃப்ரீசரிலிருந்து இறைச்சியை எடுத்தாள். மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு படிந்திருந்தது. சிவப்புப் பலகையில் வைத்து, கையை இருபது நொடி சோப்புப் போட்டுக் கழுவி, பெரிய கறிக்கத்தியை எடுத்து, துண்டின் குறுக்கே வைத்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினாள்.

ரத்தம் பீறிட்டது.

கடைக்கறியில் கசியும் இளஞ்சிவப்புத் தண்ணீர் இல்லை. கெட்டியான, கறுத்த, ஆவி பறக்கும் ரத்தம். விட்டு விட்டு அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் சுவர் ஓட்டில் தெறித்தது, அவள் கழுத்தில் தெறித்தது, பலகையின் ஓரம் வழிந்து தரையில் கொட்டியது.

அறையில் தம்பி அலறினான்.

மனிதக் குரல் என்றே சொல்ல முடியாத அலறல். கத்தியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அவன் கட்டிலில் வில் மாதிரி வளைந்து கிடந்தான். போர்வையைப் பிடுங்கி எறிந்தாள். கால்சட்டையில் ஒரு கிழிசல் இல்லை. ஆனால் வலது தொடைப் பக்கம் முழுக்க நனைந்து, மெத்தை நனைந்து, கட்டிலின் கம்பி வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. துணியைச் சுருட்டி மேலேற்றினாள். தொடையின் குறுக்கே நூல் பிடித்தது போல ஒரு நேர்வெட்டு. எலும்பு வரை வாய் திறந்திருந்தது.

"உள்ள இருக்குக்கா. உள்ள ஏதோ நிக்குது. எடு. எடுத்துடு."

இரண்டு கையாலும் அழுத்தினாள். விரல்களுக்கு நடுவே ரத்தம் பொங்கியது. போன் சமையலறையில் இருந்தது. ஓடினாள். மேடையில் கத்தி இறைச்சிக்குள் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. அதன் பிடி, மெதுவாக, சீராக, இப்படியும் அப்படியும் ஆடியது.

அவள் நின்றுவிட்டாள்.

கத்தியை இரண்டு கையாலும் பிடித்து உருவினாள். அறையில் ஒரு கதறல், பிறகு மூச்சு வாங்கும் சத்தம். "போயிடுச்சு," என்றான் அவன். "போயிடுச்சுக்கா."

அவள் ஒற்றை விரலை நீட்டி, இறைச்சியின் மேல், ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போலத் தொட்டாள்.

"யாரு அது?" என்றான் தம்பி. "யாரு என் காலைத் தொடுறது?"

அறையில் அவன் மட்டும்தான் இருந்தான்.

கைக்கு எட்டிய ஒரு துணியால் இறைச்சியைச் சுற்றி, வெட்டு வாயை நெருக்கி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். அறைக்குப் போனபோது தொடையில் ரத்தம் நின்றிருந்தது. வெட்டின் இரண்டு விளிம்பும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கட்டி வைத்ததைப் போல ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அவன் கண்ணை மூடிக் கேட்டான். நம்பவில்லை. அவள் இறைச்சியை டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து அவன் எதிரிலேயே அதை நகத்தால் மெல்லக் கீறினாள். அவன் தொடையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்," என்றாள் அவள்.

"கூப்பிட்டு? இதை எங்க வெப்பே?"

"கூடவே எடுத்துட்டு வரேன்."

"ஆபரேஷன் ஆன ஆளு பக்கத்துல பச்சைக் கறியை வெக்க விடுவாங்களா? உன் நர்ஸம்மாவே முதல் ஆளா வந்து பிடுங்கிக் குப்பையில போடும்." அவன் சிரிக்கப் பார்த்தான். "குப்பைக்குப் போற வழியிலேயே நான் போயிடுவேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். அவன் சொன்னதில் ஓட்டை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"குளிருதுக்கா. அதைக் கொஞ்சம் சூடு பண்ணேன்."

வெந்நீர்ப் பையை நிரப்பி இறைச்சியோடு சேர்த்துத் துவட்டும் துண்டில் சுற்றினாள். முப்பத்துமூன்று. முப்பத்தைந்து. அவன் உதட்டில் நிறம் வந்தது. முப்பத்தேழு. "அப்பாடா," என்றான். "இப்ப சுகமா இருக்கு. இப்படியே விடு." ஒரு மணிக்கு அவன் தூங்கியும் போனான்.

அவள் தரையைத் துடைத்தாள். சுவரைத் துடைத்தாள். நிமிர்ந்தபோது ஃப்ரிட்ஜ் கதவில் தானே ஒட்டி வைத்திருந்த தாள் கண்ணில் பட்டது. ஐந்துக்கும் அறுபதுக்கும் நடுவே சிவப்புக் கோடு.

முப்பத்தேழு.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். ஒரு மணி நேரத்தில் எட்டு. நாலு மணி நேரத்தில் நாலாயிரத்துச் சொச்சம். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடி போட்டாள். அதே எண் வந்தது. குளிரில் வைத்தால் அவன் உறைவான். வேக வைத்தால்... அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. இந்தச் சூட்டில் வைத்தால் உயிரோடு இருப்பான். இந்தச் சூட்டில்தான் இறைச்சி அழுகும்.

வகுப்பில் இதற்கு ஒரு வழியும் சொல்லித் தரவில்லை.

அவள் டப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேல்வீட்டு டிவி நின்றது. திரைக்கு வெளியே வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, அறையின் மூலைகளிலிருந்து இருட்டு தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. முதலில் அது வாடை கூட இல்லை. நாக்கின் அடியில் ஒரு இனிப்பு. பிறகு மழையில் நனைந்து காயாத துணியின் நாற்றம். பிறகு மூக்கைப் பொத்தினாலும் தொண்டைக்குள் இறங்குகிற ஒன்று.

"அக்கா." அவன் விழித்திருந்தான். "என்ன நாத்தம் இது? என் மேலயா வருது?"

அவள் துண்டைப் பிரித்தாள். முடிச்சு இருந்த இடத்தில் இறைச்சி கொழகொழத்திருந்தது. ஓரங்களில் பச்சை படர்ந்து, அதன் மேல் வானவில் மாதிரி ஒரு பளபளப்பு. அப்போதுதான் முடிச்சுப் போட்ட துணியைப் பார்த்தாள்.

மேடை துடைக்கும் துணி.

சிங்க் ஓரத்தில் எப்போதும் ஈரமாகத் தொங்கும் துணி. 'உங்க வீட்டுக் கக்கூஸை விட அழுக்கான ஒண்ணு உங்க சமையல்ரூம்ல தொங்குது' என்று நர்ஸம்மா முதல் நாளே சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்த துணி. அதை அவள் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள். அதைத்தான், தன் கையாலேயே, தம்பியின் திறந்த புண்ணில் கட்டியிருந்தாள்.

"சொல்லுக்கா," என்றான் அவன். "பச்சையா?"

"ஓரத்துல மட்டும்தான்."

"எவ்வளவு ஓரம்?"

அவன் போர்வைக்குள் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுப் போர்வையை அமுக்கிக்கொண்டான்.

"கெட்டது பரவினா என்ன பண்ணணும்னு உன் வகுப்புல சொன்னாங்க?"

"மொத்தமாப் போட்டுடணும்னு சொன்னாங்கடா."

"அது கறிக்கு. ஆளுக்கு என்ன பண்ணுவாங்க? கால் அழுகினா காலை எடுப்பாங்க. அதானே? எடு. நல்லது வர்ற வரைக்கும் உள்ள தள்ளி எடு."

"டேய், என்னால முடியாது."

"கிட்னியையே அறுத்துக் குடுத்தவதானே நீ? பண்ணுக்கா. மேல ஏறிட்டிருக்கு, எனக்குத் தெரியுது."

எங்கே எது இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டப்பாவை அவன் பக்கத்தில் வைத்து, கையுறை மாட்டி, ஒவ்வோர் இடமாக அழுத்தினாள்.

"இங்க?"

"தொடை."

"இங்க?"

"முட்டி. அதுக்குக் கீழ உணர்ச்சியே இல்லை."

"இங்க?"

"வயிறு. மெதுவா."

"இங்க?"

பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாய் திறந்திருந்தது, கண் பிதுங்கியிருந்தது, முகம் கறுத்துக்கொண்டு வந்தது. விரலை எடுத்தாள். அவன் இழுத்து மூச்சு விட்டான்.

"அதைத் தொடாதே," என்றான். "எது வேணா எடு. அதை மட்டும் தொடாதே."

பலகையைக் கொதிக்கும் தண்ணீரில் கழுவினாள். கத்தியைத் தீயில் காட்டினாள். இருபது நொடி கை கழுவினாள். எண்ணினாள். அவன் வாயில் சுருட்டிய துண்டை வைத்தாள். பச்சையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, கத்தியை வைத்தாள்.

ஒரே வெட்டு. இரண்டு முறை வெட்டினால் அவனுக்கு இரண்டு முறை.

துண்டுக்குள் அவன் அலறியது கட்டிலைக் குலுக்கியது. வெட்டிய பகுதி பலகையில் விழுந்து, விழுந்த நொடியே சில்லிட்டுப் போனது. போர்வைக்குள் வலது பக்கம் எதுவோ தொப்பென்று அமுங்கியது.

"போர்வையைத் தூக்காதே," என்றான் அவன், துண்டைத் துப்பிவிட்டு. வேர்வை கண்ணில் வழிந்தது. "நல்லா இருக்கா?"

வெட்டிய இடம் சிவப்பாக இருந்தது. சுத்தமான சிவப்பு. அவள் அழுதாள். "நல்லா இருக்குடா."

பத்து நிமிஷம். இருபது நிமிஷம் ஆகவில்லை. ஓரத்தில் ஒரு புள்ளி.

மறுபடி கை கழுவினாள். மறுபடி துண்டு. மறுபடி கத்தி. இடது பக்கம் அமுங்கியது. ரத்தம் கூரையில் அடித்தது.

மறுபடி புள்ளி.

வெட்டினாள். வயிறு. அவளுடைய பழைய தழும்பு தீயாக எரிந்தது. அவன் பல் ஒன்று உடைந்து துண்டில் சிக்கியது. கழுவினாள். வெட்டினாள். கழுவினாள். சோப்பு தீர்ந்தது. வெறும் தண்ணீர். கத்தி வழுக்கி அவள் கட்டைவிரலும் சேர்ந்து பிளந்தது. எந்த ரத்தம் யாருடையது என்று தெரியவில்லை. வெட்டினாள். தோள். இன்னொரு தோள்.

இருட்டிவிட்டிருந்தது. அவள் விளக்கைப் போடவில்லை.

பிறகு போட்டாள்.

கட்டிலில் போர்வை, விரித்துப் போட்டது போல, சுருக்கமில்லாமல், தட்டையாகக் கிடந்தது. கழுத்து வரை. அதற்கு மேல் தலையணையில் அவன் முகம். வேர்வையில் மினுங்கியது. அமைதியாக இருந்தது. கண்கள் அவளைத் தேடின.

"இப்ப வலி இல்லைக்கா," என்றான். "இன்னும் எவ்வளவு இருக்கு?"

அவள் உள்ளங்கையை விரித்தாள்.

மூடிய கை அளவு. சூடாக. விரிந்து சுருங்கியது. விரிந்து சுருங்கியது.

அதன் ஓரத்தில், எள்ளளவு, பச்சை.